பழைய லென்ஸை என்ன செய்வீர்கள்?

சனி, ஜூலை 5

வெயில். ஈப்போ மழையைக் கண்டு எத்தனை நாளோ. இரும்புக் கடை மாடியில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு. இரண்டு மின்விசிறியில் ஒன்று படுத்துவிட்டது. வாங்க வேண்டியவை: நீல மார்க்கர், தாள், கொசுவர்த்தி, ஜோவுக்கு (வீட்டுக்காரர்) பிரஷர் மாத்திரை.

இன்றைய பாடம்: மக்கள் ஏன் சதிக்கதைகளை நம்புகிறார்கள். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இருப்பது, நானாக இழுத்துக்கொண்டு வரவில்லை. வாரம் முழுக்க உட்கார்ந்து தாள் தயாரித்தேன். நிலவில் மனிதன் இறங்கியது நாடகம், பூமி தட்டை, இப்படி. வண்ணப் படம் வேறு.

படுதோல்வி. முனியாண்டி அண்ணே (அடுக்குமாடியில் பாதுகாவலர், வகுப்பின் வாய்) தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிலாவுக்குப் போனா என்னா, போவாட்டி என்னா டீச்சர்? நம்மளா அங்க வாடக குடுக்குறோம்?" எல்லோரும் கொல்லென்று சிரிப்பு. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மனுஷன் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்.

தாளை எல்லாம் மேசைக்கு அடியில் தள்ளினேன். "சரி, உங்க ஊர்ல என்னா கதைய நம்புனாங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

பாலம்! ஒரே நேரத்தில் எல்லோரும். எங்கே புதுப் பாலம் கட்டினாலும் தூணுக்கு அடியில் மனுஷத் தலை புதைக்க வேண்டும், அதற்குச் சாக்கோடு ஆள் வருவான், சாயங்காலம் ஆனால் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது. சுங்காய்க்காரர்களும் அதையே சொல்கிறார்கள், தெலுக் இந்தான் தோட்டத்தில் வளர்ந்தவர்களும் அதையே சொல்கிறார்கள். "மேன் கம். பிரிங் சாக்கு. கட் ஹெட். புட் அண்டர் பிரிட்ஜ்." இறந்தகாலம் ஒரு இடத்திலும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்! ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்கிற தேவி (கூரியர் கடை) நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை வீசிப் பேசினாள். மூச்சுவிடாமல் ஆங்கிலம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சிரித்துக்கொண்டே, "பாத்தீங்களா, நம்ம ஆளுங்க எதையும் நம்பிருவோம்" என்றேன்.

அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. மால் ஒன்றில் தரை துடைக்கிற வேலை, வகுப்பில் எப்போதும் பின்வரிசை. "எங்க தோட்டத்துல மாரிமுத்துண்ணே ஒருத்தரு இருந்தாரு டீச்சர். தோட்டத்த விக்கப் போறாங்க, நம்மள வெளியாக்கப் போறாங்கன்னு சொன்னாரு. ஆபீஸ் கிராணி வந்து, அது சும்மா வதந்தி, நம்பாதிங்கன்னாரு. மாரிமுத்துண்ண எல்லாரும் ஏசுனோம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்து ஆட்கள் யாருக்கும் கேட்கத் தேவை இல்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு வீடு இல்லை, முழுக்க செம்பனை மரம்.

வகுப்பு முடிந்து தேவி என்னைப் பிடித்துக்கொண்டாள். அ.அக்கா பலகையைப் பார்த்து எழுதுவதே இல்லையாம், இவள் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாராம். இரண்டு கண்ணிலும் புரை, வலது ரொம்ப மோசம். ஆஸ்பத்திரியில் இந்த மாதம் 22 ஆபரேஷன் நாள் கொடுத்திருக்கிறார்கள். போகமாட்டேன் என்கிறாராம். "வாட்சப்புல ஒரு குரல் வந்துச்சு டீச்சர். அதக் கேட்டதுல இருந்து."

மாலில் தரைக் கறையை விட்டுவிட்டுப் போகிறார் என்று மேற்பார்வை பார்க்கிற மாண்டோர் இரண்டு தடவை ஏசியாகிவிட்டது. கண்ணும் போய், வேலையும் போய்... நான் நிலாவைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு, ஜூலை 6

மாதா கோயில் பூசைக்குப் போய் வந்தோம். சாமியார் பிரசங்கத்தை நீட்டி முழக்கினார். வழியில் டுரியான், ஜோ பேரம் பேசி வாங்கினது, இரண்டு பழத்தில் ஒன்று புழு.

தேவி அந்தக் குரல்பதிவை அனுப்பியிருந்தாள். கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"வணக்கம் சொந்தங்களே. நான் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ. பேரு சொல்ல முடியாது. கண்ணுல பொரன்னு போனீங்கன்னா நம்ம சொந்த லென்ஸ எடுத்துட்டு பிளாஸ்டிக்க வச்சி அனுப்பிருவாங்க. நம்மளோடத வெளிநாட்டுப் பணக்காரனுக்கு விக்கிறாங்க. டோக்டர்ட்ட கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. இத அழிக்கிறதுக்குள்ள எல்லாத்துக்கும் அனுப்பிருங்க."

சதிகாரி நல்ல குரல்காரி. அழுகிறாளா சளியா என்று தெரியாத ஒரு குரல். கோபத்தில் டுரியான் கையோடு மூன்று தரம் கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் ஒன்று பிடிபட்டது. இதில் பாதி உண்மை! நம் லென்ஸை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைப்பது நிஜம்தான், அதற்குப் பெயர்தான் ஆபரேஷன். அந்த ஒரு நிஜத்தின் முதுகில் ஏறிக்கொண்டு மீதிப் பொய் வருகிறது. ஆஸ்பத்திரியில் விசாரித்தால், "ஆமாம்மா, பழசை எடுத்துட்டுப் பிளாஸ்டிக் வைப்போம்" என்றுதான் சொல்வார்கள். உடனே, பார்த்தாயா, அந்த நர்ஸ் சொன்னது சரி!

ஜோவிடம் பொரிந்தேன். அவர் டுரியான் கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க இத கேட்டிருக்கீங்களா?"

"வந்துச்சு."

"வந்து?"

"கோயில் குரூப்புல போட்டேன். யாருக்காச்சும் பிரயோஜனப்படட்டுமேன்னு தான் ரெஜி."

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒன்று இப்படி. மத்தியானம் முழுக்கப் பேசவில்லை. பேசாமலே கண்ணின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்தேன். நாளை மறுநாள் நேரில் போகிறேன். படத்தோடு, ஆதாரத்தோடு.

செவ்வாய், ஜூலை 8

தோற்றுவிட்டேன். எழுதவே பிடிக்கவில்லை.

அ.அக்கா வீடு மலிவு விலை அடுக்குமாடி, மின்தூக்கி ரிப்பேர், ஏறி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. மகன் லாரி எடுத்துக்கொண்டு தைப்பிங் போயிருந்தான். தேத்தண்ணி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். நான் படங்களை விரித்து வைத்துக்கொண்டு பேசினேன், பேசினேன், பேசினேன். அவர் தலையாட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார். முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கடைசியில், "இதெல்லாம் நீங்க யாருட்ட கேட்டீங்க டீச்சர்?"

"இன்டர்நெட்லதான் அக்கா. நல்ல எடத்துல."

"நானும் போன்லதான் கேட்டேன்."

ஏளனமாகச் சொல்லவில்லை. மரியாதையாக, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டு சொன்னார். அவருக்கு அந்த நர்ஸ் எப்படியோ அப்படித்தான் நானும். எங்கிருந்தோ எதையோ கேட்டுவிட்டு வந்து நம்பச் சொல்கிறவள்.

மாரிமுத்து கதையின் மீதியையும் சொன்னார். துரை பங்களாவில் பேசுவது எல்லாம் தொழிலாளர் லயத்துக்குக் கடைசியாகத்தான் தெரியுமாம். தெரிய வந்த அன்று நில அளவுக்காரன் கயிற்றோடு வாசலில் நின்றானாம். "பொய்யின்னு சொன்னவங்க எல்லாம் நல்ல சட்ட போட்டவங்க டீச்சர். நெசத்த சொன்னவரு கோமணம் கட்டுனவரு. அன்னையில இருந்து எனக்கு, நல்ல சட்ட போட்டவங்க ஒண்ண இல்லன்னா, அது இருக்குன்னுதான் தோணும்."

"டோக்டர்ட்ட நேரா கேட்டீங்களா அக்கா?"

"எங்க கேக்குறது? மலாய்ல பேசுவாங்க. நான் 'பாய்க் டோக்டர், பாய்க் டோக்டர்'னு சொல்லிட்டு வந்துருவேன். சரி சரின்னு சொல்லியே பழகிப்போச்சு. மலாய் காதுல விழுந்தா என் தல தானா ஆடுது."

மலாய் அவருக்கு நன்றாகத் தெரியும். பாசாரில் மீன்காரனோடு சண்டையே போடுவார். ஆனால் மேலே இருக்கிறவர்களோடு மலாயில் அவர் பேசினது எல்லாம் சரி, சரி, சரி.

இறங்கி வரும்போது முழங்கால் வலி. அதைவிட வலி, நல்ல சட்டை போட்டவள் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன் என்பது. நான் கேட்காமலே ஜோ தைலம் தேய்த்துவிட்டார். அவரை மன்னித்தாகிவிட்டது, ஏறக்குறைய.

வெள்ளி, ஜூலை 11

மழை! கொட்டோ கொட்டென்று. துணி எல்லாம் நனைந்து திரும்பத் துவைத்தேன்.

துவைக்கும்போது ஒரு யோசனை. அ.அக்காவுக்கு மலாய் முழுக்க தலையாட்டல். தமிழ் வீட்டுக்குள். ஆங்கிலத்தில்? ஆங்கிலத்தில் அவர் இதுவரை யாருக்கும் சரி சொன்னதே இல்லை! அது புது மொழி, இன்னும் யாருக்கும் பணிந்து பழகாத மொழி. அதில் கேள்வியை மட்டும் கற்றுக்கொடுத்தால்?

அச்சடித்த கண் படங்களைக் கிழித்துப் போட்டேன். நாளைக்குத் தாளே இல்லை. மார்க்கர் மட்டும்.

சனி, ஜூலை 12

இன்று நான் ராணி. ஜோ, கேட்டுக்கொள்ளுங்கள், இன்று நான் ராணி.

வகுப்புக்குள் போனவுடன் சொன்னேன்: இன்றைக்கு எல்லோரும் பொய் சொல்லணும். ஆங்கிலத்தில் ஒரு வதந்தியைக் கட்டணும், கேட்கிறவர் நம்பணும். பலகையில் நல்ல வதந்திக்கு வேண்டிய சாமான்களை அவர்களே அடுக்கினார்கள். ஒரு நிஜம் வேண்டும். பெயர் சொல்லாத ஒரு நர்ஸோ போலீஸோ வேண்டும். ஒரு பணக்காரன் லாபம் பார்க்கணும். "கேட்டால் இல்லை என்பார்கள்" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அழிப்பதற்குள் அனுப்பச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் முனியாண்டி அண்ணே சொன்னது. எங்கே கற்றாரோ.

தேவியின் பொய்: கூரியர் பெட்டிக்குள் வைக்கிற காற்றுப்பையை உடைத்தால் தூக்கம் வரும். சுமார். மு.அண்ணே: அடுக்குமாடி மின்தூக்கியில் கண்ணாடி வைப்பது ஆட்களை எடை போடுவதற்கு. வளவளவென்று போனது, அவரே நடுவில் சிரித்துக் கெடுத்தார்.

பிறகு அ.அக்கா. எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார். "மை மால் யூஸ் நியூ சோப். பிங்க் கலர். யூ ஸ்மெல், யூ ஹங்கிரி." அந்தச் சோப்பில் ஏதோ கலந்து அனுப்புகிறார்கள். தினமும் பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் துடைப்போம். துடைத்து முடித்ததும் பாருங்கள், கடையில் கூட்டம். "எவ்ரி டே. ஐ சீ. பாஸ் சே நோ, நோ. பட் ஐ சீ." மேலே இருக்கிற முதலாளிக்குக் கடைக்காரர்கள் காசு கொடுக்கிறார்கள்.

மு.அண்ணே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நெசமாவாக்கா? எந்த மாலு?"

அ.அக்கா முதலில் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இப்பதான்லா கட்டுனேன்! ஒக்காந்த எடத்துல கட்டுனேன்!" அப்புறம்தான் சொன்னார், பதினொன்றரைக்குச் சாப்பாட்டு நேரம், கூட்டம் வராமல் எங்கே போகும்? கூட்டம் வரும் என்றுதான் பதினொன்றுக்குத் துடைப்பதே.

இத்தனை நாள் பின்வரிசையில் பதுங்கிக் கிடந்த மனுஷியா இது! கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கீழேயிருந்து இரும்புக் கடைக்காரர் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு பொய்யை உடைக்கிற வேலை. பலகையில் கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதினேன். யார் சொன்னது? நீ பார்த்தாயா? அதை என்ன செய்வார்கள்? யார் வாங்குவார்கள்? எல்லோரும் அ.அக்காவின் சோப்பைப் பிய்த்து எடுத்தார்கள். ஹூ டோல்ட் யூ? டிட் யூ சீ? ஹூ பேஸ்? அவரே எதிர்க்கேள்வி போட்டுத் தன் கதையை அவிழ்த்தார். ஒரு பொய்யைக் கட்டினவருக்கு அதன் முடிச்சு எங்கே என்று தெரிகிறது.

கண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு வார்த்தை கூட. என் பிறவியில் இவ்வளவு நேரம் வாயைக் கட்டினது இதுதான் முதல் தடவை, நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்.

கலைகிற நேரத்தில் என் மேசைக்கு வந்தார். தணிந்த குரலில், "டீச்சர், 'என் பழைய லென்ஸ என்னா செய்வீங்க'ன்னு இங்கிலீஷ்ல எப்புடி கேக்குறது?"

சொன்னேன். பலகை அகலத்துக்கு எழுதியும் காட்டினேன். கிட்டத்தில் போய் மூக்கு உரச நின்று நோட்டில் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையாம். "கேட்டுப் பாக்குறேன். கேட்டதுக்கு அப்பறம் போறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீங்க வாரீங்களா? வந்தா பேசக் கூடாது."

பேசக் கூடாதாம். எனக்கு உத்தரவு!

செவ்வாய், ஜூலை 15

கண் கிளினிக். எண் எடுத்துவிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தது. ஆஸ்பத்திரி காந்தீனில் மீ கோரிங் நூடுல்ஸ், உப்பு கூடுதல். அ.அக்கா சாப்பிடவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது; பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் செபம் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்.

டாக்டர் இளம் பெண், தலையில் துடோங் முக்காடு, களைத்த முகம், ஆனால் சிடுசிடுப்பு இல்லை. மலாயில் விளக்கினார். அ.அக்கா தலை ஆட ஆரம்பித்தது. "பாய்க் டோக்டர். பாய்க் டோக்டர்." போச்சு, கையெழுத்துத் தாள் வேறு வந்துவிட்டது, இதையும் ஆட்டிக்கொண்டே வாங்கிவிட்டு வெளியே வந்து கிழிப்பார். பேசக் கூடாது என்று சத்தியம். கைப்பை வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேனாவைக் கையில் வாங்கினவர் கீழே வைத்தார். நாற்காலியில் நிமிர்ந்தார்.

"டோக்டர். வாட் யூ டூ வித் மை ஓல்ட் லென்ஸ்?"

டாக்டர் ஒரு கணம் திகைத்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். பிறகு அவரும் ஆங்கிலத்துக்கு மாறி, மெதுவாக, உடைத்து உடைத்துச் சொன்னார்: உள்ளேயே பொடியாக்குவோம், குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவோம், பிறகு குப்பை.

"ஹூ பை?"

"யாரும் வாங்க மாட்டார்கள். கலங்கிப் போனது. உடைந்தது."

"யூ சீ? வித் யுவர் ஐ?"

டாக்டர் சிரித்துவிட்டார். வாராவாரம் பார்க்கிறேன் என்றார். அ.அக்கா விடவில்லை. "ஐ ஆல்சோ வான்ட் சீ." பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை. விளக்க அறையில் ஆபரேஷன் படம் ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள், பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

திரைக்குக் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்ல கண்ணை, அதாவது கொஞ்சம் நல்ல கண்ணை, அதில் ஒட்டாத குறையாக வைத்துப் பார்த்தார். நான் பார்க்க மாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு தரம் போடச் சொன்னார். மஞ்சளாக ஏதோ நொறுங்கிக் குழாயில் போகிறது.

"இதயா விக்கிறாங்க? இத சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்லா!"

கையெழுத்துப் போட்டாயிற்று. தமிழில், முழுப் பெயர். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அறையில் குளிர்சாதனம் அதிகம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது நான் பெருமையாக என்னவோ சொல்லப் போக, கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் டீச்சர். பாலத்துத் தல கத பொய்யின்னு நான் இன்னும் ஒத்துக்கல."

ஒத்துக்கொள்ள வேண்டாம் தாயே. 22ஆம் தேதி வந்தால் போதும்.

சனி, ஜூலை 19

வகுப்பு ஒரே ரகளை. எல்லோரும் எல்லோரையும் விசாரிக்கிறார்கள். மு.அண்ணே அடுக்குமாடிச் செயலாளரிடமே "ஹூ டோல்ட் யூ?" கேட்டுவிட்டாராம், வேலை இருக்குமா தெரியவில்லை என்று சந்தோஷமாகச் சொல்கிறார். ஜோவுக்கும் நடந்தது. பப்பாளி விதை பற்றி என்னவோ அனுப்பப் போனார், மூன்று கேள்வி கேட்டேன், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாயோடு நடக்கப் போய்விட்டார்.

வெளியே சிரிக்கிறேன். உள்ளே பயம். அ.அக்காவுக்கு அங்கே ஏதாவது தவறாகப் போனால்? ஆயிரத்தில் ஒன்று என்றாலும் அந்த ஒன்று இவராக இருந்தால்? பிறகு இந்த ஜென்மத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். அந்த நர்ஸ் நிரந்தரமாக ஜெயித்துவிடுவாள். மாதா, இந்த ஒரு தரம்.

செவ்வாய், ஜூலை 22

காலையிலிருந்து தூறல். உள்ளே போகும்போது அ.அக்கா முகம் வெளிறி, "பயமா இருக்கு டீச்சர்" என்றார். எனக்கும்தான் என்றேன். உண்மையைச் சொன்னது அவருக்குத் தைரியம் கொடுத்த மாதிரி இருந்தது. மகன் கையைப் பிசைந்துகொண்டு நடைபாதையில் அங்கும் இங்கும்.

வெளியே வந்தார். வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடி. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் நன்றாக முடிந்தது என்றார். நான் மகனைக் கட்டிப்பிடித்துவிட்டேன், பையன் வெட்கப்பட்டுப் போனான்.

சொட்டு மருந்து நேரம் தவறக் கூடாது. குனியக் கூடாது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது. வேலைக்கு விடுப்புச் சீட்டு வாங்கியாயிற்று.

புதன், ஜூலை 23

மூடியை எடுத்தார்கள்!!

சுவரில் இருந்த பலகை, கடிகாரம், டாக்டர் சட்டைப் பொத்தான், ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகன் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "ஏன்டா, மொகத்துல எத்தன பரு" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயையோ. என் வூட்டுத் தரை இவ்ளோ அழுக்கா? மாலுத் தரையத் தேச்சித் தேச்சி என் வூட்ட இப்புடியா வச்சிருந்தேன்? டேய், மொப்ப எடு!"

குனியக் கூடாது என்று நானும் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். கடைசியில் துடைத்தது யார்? நான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விரலைக் காட்டுகிறார், "அங்க டீச்சர், மூலைல, ஒரு புள்ளி." ஆயுசில் இவ்வளவு சந்தோஷமாகத் தரை துடைத்ததில்லை.

சனி, ஜூலை 26

வகுப்புக்கு வந்துவிட்டார், கறுப்புக் கண்ணாடி, சினிமாக்காரி மாதிரி. முன்வரிசை! தேவி நோட்டு இனி தேவிக்கே.

பாடம் ஆரம்பிக்கும் முன், எல்லோரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். ஒரே மூச்சில் பேசினார்:

"வணக்கம். நான் நர்ஸு இல்ல. என் பேரு அஞ்சலை. சுங்காய் பக்கம் தோட்டத்துல பொறந்தவ, இப்ப ஈப்போல தரை தொடைக்கிறேன். எனக்குக் கண்ணுல பொரை எடுத்தாச்சு. பழைய லென்ஸ விக்கிறாங்கன்னு கேட்டு நானும் பயந்தேன். டோக்டர்ட்ட கேட்டேன், படமும் பாத்தேன். அது தூளாயி குப்பைக்குப் போவுது. பிளாஸ்டிக் வைக்கிறது நெசம், எனக்கும் பிளாஸ்டிக்தான், நல்லாத் தெரியுது. நான் சொல்லுறதையும் நம்பாதிங்க. நீங்களே போயி கேளுங்க. என்னைப் பாக்கணும்னா சனிக்கிழமை காலைல இரும்புக் கடை மாடிக்கு வாங்க."

அனுப்பினார். எங்கள் எல்லோருடைய குழுக்களுக்கும். ஜோவிடம் கொடுத்து, கோயில் குழுவில் நீங்களே போடுங்கள் என்றேன். போட்டார். கூடவே "முன்னாடி நான் போட்டது தப்பு" என்றும் எழுதினார். என் புருஷன்!

செவ்வாய், ஜூலை 29

தெலுக் இந்தானிலிருந்து ஜோவின் தங்கச்சி எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருக்கிறாள்: "அண்ணி, இதக் கண்டிப்பா கேளுங்க." திறந்தால் அ.அக்கா குரல்! நம் மாடியில் பேசினது ஊர் சுற்றிவிட்டு எனக்கே வந்திருக்கிறது. மேலே யாரோ தலைப்பு வேறு போட்டிருக்கிறார்கள்: "ஓய்வு பெற்ற நர்ஸ் அஞ்சலை அம்மா பேசுகிறார்."

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உடனே அ.அக்காவுக்குப் போன் போட்டேன். "மொத வார்த்தையே நர்ஸு இல்லன்னு தானேலா சொன்னேன்!" என்று கத்தினார். அப்புறம் அவரும் சிரித்தார். மாண்டோர் ஏசுவதை நிறுத்திவிட்டாராம், வேலைக்கு எப்போது வருவாய் என்று கேட்கிறாராம். இரண்டு பெண்கள் அவர் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்களாம், ஒருத்தி சுங்காய், ஒருத்தி தஞ்சோங் ரம்புத்தான். எங்களுக்காக டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்களாம். முடியாது, வகுப்புக்கு வந்து கேள்வியைக் கற்றுக்கொண்டு நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

இரண்டு நாற்காலி கூடுதலாக வேண்டும். இரும்புக் கடைக்காரரைக் கேட்க வேண்டும்.

போனை வைக்கப் போகும்போது, "சொல்ல மறந்துட்டேன் டீச்சர். எடது கண்ணுக்கும் நாள் வாங்கிட்டேன்."

"எப்ப? டாக்டர் சொன்னாரா?"

"அவங்க எங்க சொன்னாங்க? நேத்து சொட்டு மருந்து வாங்கப் போனேன்ல, நான்தான் கேட்டேன். வென் அதர் ஐ? ஒய் நாட் நவ்? ஹவ் லாங் வெயிட்?"

"யாரு கூடப் போனீங்க? என்னைக் கூப்பிடலியே!"

"யாரு கூடவும் இல்லலா. பஸ்ஸு நம்பரு தெரியுது இப்ப."